கீச்சான் செத்த திதி

திருத்தணியில் எங்கள் வீட்டுக்குள் ஒரு கடல் இருந்தது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். சொன்னால் சிரிப்பார்கள், அப்போதும் சிரித்தார்கள். மலைக்கு வருகிறவர்கள்கூட யாரோ சொல்லக் கேட்டு, மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் எங்கள் வாசலில் வந்து நின்று, "இங்க தான் கடல் மீனு கீதாமே?" என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் கொஞ்சம் வாய்க்காரி. "மீனு குளிச்சிகினு கீது, அப்பறம் வாங்க" என்று கதவைச் சாத்திவிடுவேன்.

அந்தக் கடலைக் கொண்டுவந்தவன் என் அண்ணன். சென்னைக் கடற்கரையில் மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்துக் காட்டும் இடத்தில் அவனுக்குத் தண்ணீர் பார்க்கிற வேலை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியான வருஷம், அந்த இடத்தையும் மூடிவிட்டார்கள். மற்றவர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலில் வந்து இறங்க, இவன் விரிசலை அடைத்த ஒரு கண்ணாடித் தொட்டியோடும் ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு மீனோடும் இறங்கினான்.

மீன் ஒன்றும் பெரிய அழகில்லை. கீச்சான். உள்ளங்கை நீளம், வெள்ளி உடம்பில் வளைந்த மூன்று கறுப்புக் கோடு. கையில் பிடித்தால் கீச்சென்று கத்தும், பெயரே அதனால்தான். தண்ணீருக்குள் இருக்கும்போதும் சாயங்காலமானால் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்பா போய் நாலு வருஷமாகியிருந்த வீடு எங்களுடையது. ஆண் குரல் இல்லாத வீட்டில் அந்தச் செருமலைக் கேட்டு அம்மா முதல் நாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவன் எங்களோடு இருந்தது இரண்டு மாதம். சும்மா இருக்க முடியாதவன். கப்பலில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டான். போவதற்கு முன்பு தண்ணீரை என்னிடம் ஒப்படைத்தான். மீனை அல்ல, தண்ணீரை. "மீன ஒண்ணும் பாக்க வேணாம். தண்ணிய பாத்துக்கோ, தண்ணி மீன பாத்துக்கும்" என்றான். எனக்கு அப்போது பதினெட்டு வயது.

தண்ணீரைப் பார்ப்பது என்றால் என்ன என்று யாருக்கும் புரியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன். தொட்டியில் நாளுக்கு நாள் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். அதனால் வற்றிய அளவுக்குக் கடல் தண்ணீரை ஊற்றினால் மீன் உப்பிலேயே வெந்துபோகும். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதற்குக் கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைத் தண்ணீர். கோயில் குளத்துத் தண்ணீர் ஆகாது. மரு உதிர வேண்டும், கட்டி கரைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஊரே அதில் உப்பையும் மிளகையும் வெல்லத்தையும் கொட்டுகிறது. உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் ஒரு பால்மானியைக் கொடுத்திருந்தான், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடிக் குழாய்தான். அதைத் தொட்டியில் மிதக்கவிட்டால் இருபத்தைந்தாவது கோட்டில் நிற்க வேண்டும். மேலே ஏறினால் உப்பு கூடிவிட்டது, கீழே அமிழ்ந்தால் குறைந்துவிட்டது.

அப்புறம் புளிப்பு. மீன் தின்று கழித்துக் கழித்துத் தண்ணீர் புளித்துப்போகும். நாக்குக்குத் தெரியாது, அண்ணன் கொடுத்த லிட்மஸ் என்கிற நீலத்தாளுக்குத்தான் தெரியும். தாள் சிவக்கத் தொடங்கினால் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிவில் ஒரு கரண்டி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடித் தண்ணீரில் நாலில் ஒரு பங்கை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் விட வேண்டும். அது சென்னை ரயிலில் ஜாடியில் வரும்; அண்ணனுக்குப் பழக்கமான கார்டு ஒருவர் கொண்டுவந்து தருவார். நான் ஸ்டேஷனுக்குப் போய் இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவேன். "இன்னாம்மே, கடல வீட்டுக்கே இட்டாந்துட்டியா?" என்று கேலி செய்வார்கள்.

கடைசியாகக் காற்று. தொட்டிக்கு மேலே உத்தரத்தில் ஒரு மண்பானையைக் கட்டி, அடியில் ஊசித் துளை போட்டிருந்தான் அண்ணன். தொட்டித் தண்ணீரையே மொண்டு அதில் ஊற்றிவைத்தால் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு விழுந்து கலக்குகிற காற்றைத்தான் மீன் குடிக்கிறது என்றான். சிவன் கோயிலில் லிங்கத்தின் தலைக்கு மேலே தாராப்பாத்திரம் தொங்குமே, அதைப் பார்ப்பதுபோல அம்மா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சோப்புக் கை வெக்காத. அதவுட முக்கியம், செம்பு பித்தள எதுவும் தண்ணில படக்கூடாது. செம்பு உப்புத் தண்ணில ஊறுச்சின்னா வெஷம். கண்ணுக்குத் தெரியாது, மானியில தெரியாது, தாள்லயும் தெரியாது. மீனுக்கு மட்டும் தான் தெரியும்" என்றான். இதை என்னிடம்தான் சொன்னான். அம்மா அப்போது கொல்லையில் மண்புழு தோண்டிக்கொண்டிருந்தாள். கிருத்திகை விரதத்தன்று மீன் வாடையையே வீட்டில் விடாதவள், கீச்சானுக்குப் புழு பிடிப்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அண்ணனிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றிலும் அம்மா எப்படி என்று ஒரு வரி, தண்ணீர் எப்படி என்று ஒரு பக்கம். பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் படித்துச் சொன்னார்: கப்பல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, ஆட்களைப் பற்றித் தகவல் இல்லை.

அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். கீச்சான் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து மூடியது. "இது உசுரோட தானே கீது? கடல்ல இருந்து பிரிச்சி இட்டாந்தானே, இதுக்கே ஒண்ணும் ஆவல. அவனுக்கு இன்னா ஆவும்?" என்றாள். அதன் பிறகு அவளுக்கு மகனும் மீனும் வேறு வேறு இல்லை. காலையில் எழுந்ததும் அங்கேதான் முழிப்பாள். சாயங்காலம் அது செருமினால், தறி நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருக்கிற கையை நிறுத்திவிட்டு, "ஆங், சொல்லு நைனா" என்று மகனிடம் பேசுவதுபோலவே சொல்வாள். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துத்தான் நாங்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ராட்டினம் நிற்கும்போது வீட்டில் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அந்த வீட்டில் இருக்கவே பயமாக இருந்தது. வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு மாப்பிள்ளை சின்ன வயதிலேயே முடிவானவர். அப்பாவின் கூடப்பிறந்த அத்தையின் மகன், பொதட்டூர்பேட்டையில் சொந்தத் தறி. நான் அவரைப் பாவா என்று கூப்பிடுவேன். பெயரளவுக்கு இல்லை, எனக்கு அவர் மேல் ஆசை. பஸ்ஸிலிருந்து அவர் நூல் மூட்டையோடு இறங்கினால் எனக்குக் கை ஓடாது. அந்த வயதில் அது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

கம்பெனிக் கடிதம் வந்து ஒரு வருஷம் போனது. ஒரு ஆனி மாதம் அத்தை வந்தாள். வந்தவள் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள வா அத்த" என்றேன்.

"எப்படிம்மா வர்றது? இது சாவு வீடா, கல்யாண வீடா, இன்னும் எனக்குத் தெரியலியே" என்றாள் அத்தை. பிறகு அம்மாவைப் பார்த்து, "அண்ணி, அவன் கீறான்னா, வரட்டும், கண்ணால பாத்துட்டு தாலி கட்டலாம். இல்லன்னா கருமாதிய பண்ணு, வருஷம் தாண்டறதுக்குள்ள கட்டிட்டுப் போறோம். ரெண்டுங்கெட்டான் வூட்ல என் புள்ளைக்கு எப்படிப் பொண்ணெடுக்கறது? ஆவணி வரைக்கும் தான் பாப்பேன். பள்ளிப்பட்டுல இன்னொரு பொண்ணு சொல்லிகினு கீறாங்க."

அம்மா தொட்டியைக் காட்டினாள். "உசுரோட கீது பாருங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை, பரிதாபப்பட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் உத்தரத்தில் இருந்த மண்பானை விரிசல் விட்டு ஒழுகியது. நான் குயவர் தெருவுக்குப் போய் அதே அளவில் ஒரு பானை பார்த்து, அடியில் துளை போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வெயில் ஏறியிருந்தது. உள்ளே நுழைந்தால் உத்தரத்தில் ஏற்கெனவே ஒன்று தொங்குகிறது. அம்மாவின் கல்யாணச் சீர்ச் செம்பு. புளி போட்டுத் துலக்கி, தாமிரம் தகதகவென்று இருந்தது. கழுத்தில் விபூதிப் பட்டை, நடுவே குங்குமம். நான் போன நேரத்தில் பாத்திரம் அடிக்கிற கன்னாரிடம் எடுத்துப்போய் அதன் அடியில் துளை போட்டு வந்திருக்கிறாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் யாருக்கும் தராத செம்பு அது. தொட்டித் தண்ணீர் அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மண்பான உடைஞ்சிகினே இருக்கும். சாமிக்கே இதுல தானே சொட்டுது, அவனுக்கு வேணாமா?" என்றாள் அம்மா. முகமெல்லாம் சந்தோஷம். ரொம்ப நாளாக அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

என் கையில் புதுப் பானை இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறந்துவிட்டது என்றோ, அம்மா மனம் புண்படுமே என்று சொல்லவில்லை என்றோ இத்தனை நாளில் எனக்கு நானே பல தடவை சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் நிற்கவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அண்ணன் சொன்ன குரலோடு ஞாபகம் இருந்தது. ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனசுக்குள் எண்ணினேன். பானையைக் கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் கவிழ்த்துவைத்தேன்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கீச்சான் புழுவைத் தின்னவில்லை. மூன்றாம் நாள் மேலே வந்து வாயை வெளியே நீட்டி மூச்சுக்குத் தவித்தது. கறுப்புக் கோடுகள் வெளிறி, உடம்பில் கோழை மாதிரி ஒன்று படர்ந்தது.

"தண்ணிய பாரும்மே, தண்ணிய பாரு" என்றாள் அம்மா.

பால்மானியை எடுத்து மிதக்கவிட்டேன். இருபத்தைந்தில் நின்றது. நீலத்தாளை நனைத்துக் காட்டினேன். நீலமாகவே இருந்தது. "எல்லாம் சரியாத்தான் கீதும்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. மானியும் சரியாகக் காட்டியது, தாளும் சரியாகக் காட்டியது. அதைவிடப் பெரிய பொய்யை நான் பிறகு எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

அம்மா தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு செம்பில் ஊற்றினாள். காற்று போதவில்லையோ என்று நிறைய ஊற்றினாள். செம்புக்குள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது, நான் பார்த்தேன். நாலாம் நாள் பகல் உச்சிக்கு முன்பு கீச்சான் ஒரு தடவை செருமியது. பகலில் அது சத்தம் போட்டதே இல்லை. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது.

அம்மா அலறியதில் தெருவே கூடிவிட்டது. மகன் செத்த செய்தி வந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள், அவளுக்கும் அது அப்படித்தான். பதினாறாம் நாள் நந்தியாற்றங்கரையில் தர்ப்பையில் உருவம் செய்து அண்ணனுக்குக் கருமாதி நடந்தது. இறந்த திதி என்ன என்று புரோகிதர் கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மா மீன் செத்த திதியைச் சொன்னாள். அதையே குறித்துக்கொண்டார்கள். அந்தப் பதினாறு நாளும் செம்பை அவள் இறக்கவிடவில்லை, ஆளில்லாத தண்ணீரில் அது சொட்டிக்கொண்டே இருந்தது.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். பாவா நல்ல மனிதர். பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், காது அடைத்துப்போகும். தறி நின்று சாப்பிட உட்காரும் நேரத்தில் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவார்கள். பாவாவோ என்று திரும்பினால் அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். "இன்னா?" என்பார். ஒன்றுமில்லை என்பேன். வீட்டில் கண்ணில் பட்ட செம்புப் பாத்திரத்தையெல்லாம் பரணில் போட்டுவிட்டேன். மருமகளுக்குப் பித்தளைதான் பிடிக்கும் என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள்.

ஜப்பான் சண்டை முடிந்த பிறகு வந்த மாசி மாதம் அண்ணன் வந்து இறங்கினான்.

கப்பலை மூழ்கடித்தவர்கள் தப்பியவர்களைப் பிடித்துக்கொண்டுபோய் எங்கோ தீவில் வைத்திருந்தார்களாம். எலும்பும் தோலுமாக இருந்தான். சேதி கேட்டு நான் கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். அவன் வெளி அறையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தலையில் கைவைத்தான். அம்மா உள்ளேயிருந்து ஒரு தம்ளரில் மோர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"சாப்புடுங்க தம்பி, வெயில்ல வந்தீங்க" என்றாள்.

அவளுக்குப் புத்தி பிசகவில்லை. நூல் கணக்கு, பால் கணக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. ஊரே வந்து சொன்னது. அண்ணனே பிறந்ததிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். "ஆங், எம்புள்ள எல்லாம் சொல்லியிருப்பான். ரெண்டு பேரும் கூட்டாளிங்க போல. பாவம், யார் பெத்த புள்ளையோ, இங்கயே இருக்கட்டும்" என்பாள். என்னைத் தனியே கூப்பிட்டு, "எங்கண்ணு முன்னால செத்தாம்மே அவன். நீ தானே தண்ணி பாத்த, எல்லாம் சரியாத்தானே இருந்திச்சி? காலம் வந்துச்சி, போய்ட்டான்" என்றாள்.

கருமாதி ஆனவன் திரும்பி வந்தால், பெற்றவள் மடியில் உட்காரவைத்து, பிறந்த பிள்ளைக்குச் செய்கிற எல்லாவற்றையும் மறுபடி செய்து பெயர் வைக்க வேண்டும் என்றார் புரோகிதர். அப்போதுதான் ஊருக்கு அவன் உயிரோடு இருக்கிறவன். அம்மா மடி கொடுக்க மாட்டேன் என்றாள். ஊரான் பிள்ளையை மடியில் வைத்தால் தன் பிள்ளையின் ஆத்மா பொறுக்காது என்றாள். அதனால் யாரும் அவனைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை, அவனுக்குப் பெண் கொடுக்கவும் வரவில்லை. எதிரே வந்தால் பிள்ளைத்தாய்ச்சிகள் ஒதுங்கிப் போனார்கள். அண்ணன் ஸ்டேஷனில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டு அந்த வெளி அறையில் வாடகைக்கு இருப்பவன் மாதிரி இருந்தான். "வுடு, அவங்க எப்படி கூப்ட்டா இன்னா" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு நாலு நாள் சோறு இறங்காது.

ஆனி மாதம் திதி வந்தது. நான் முதல் பஸ்ஸில் போனேன். அம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு சமைத்துக்கொண்டிருந்தாள். கொல்லையில் அண்ணன் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தான். தன்னுடைய திதிக்கு. சாமி படத்துக்கு முன்னால் அம்மா இலையைப் போட்டு, அவனுக்குப் பிடித்ததெல்லாம் பரிமாறி, ஒரு உருண்டைச் சோற்றைப் பிடித்து எடுத்தாள்.

"தம்பி, இத கொஞ்சம் காக்காய்க்கு வெச்சிட்டு வர்றீங்களா?"

அண்ணன் வாங்கிக்கொண்டு போனான். மதில் மேல் வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டான். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. நான் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு மேல் என்னால் முடியாது என்று தெரிந்தது.

"அம்மா, மீனு தானா சாவல" என்றேன். "செம்பு பட்டா வெஷம்னு அண்ணன் என்கிட்ட சொல்ட்டுத்தான் போனான். நீ செம்ப கட்டினப்போ எனக்குத் தெரியும். புதுப் பானை என் கையில இருந்திச்சி. நான் சொல்லல. எனக்குக் கல்யாணம் ஆவணும்னு சொல்லல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். மதிலோரம் அண்ணன் அப்படியே நின்றிருந்தான்.

"அப்போ காலம் வந்து போவல. வெஷத்துல செத்தது மீனு தான், எம்புள்ள இல்ல" என்றாள், எனக்கு அல்ல, தனக்கே.

"இல்லம்மா."

அவள் எழுந்து போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கன்னத்தை, காதை, தலைமயிரை எல்லாம் தடவிப் பார்த்தாள். "நைனா, எப்படா வந்த?" என்றாள். நாலு மாதமாக வீட்டில் இருக்கிறவனைப் பார்த்துக் கேட்டாள். அவன் அவள் தோளில் முகத்தை வைத்து, சின்னப் பிள்ளையில்கூட அழாதவன், சத்தம் போட்டு அழுதான். படையல் இலையைச் சுருட்டிக் குப்பையில் எறிந்துவிட்டு, வேறு இலை போட்டு அவனை உட்காரவைத்துப் பரிமாறினாள். அடுத்த வாரமே மடியில் வைத்துப் பெயரும் வைத்தாள். அவனுக்குப் பிறகு கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள்.

அன்றைக்கு எனக்கும் ஒரு இலை போட்டாள். நான் உட்காரத் தயங்கி நின்றேன். "உக்காருங்க, சாப்ட்டு போங்க. பஸ்ஸுக்கு நேரமாவும் உங்களுக்கு" என்றாள்.

அம்மா அதற்கு அப்புறம் பதினோரு வருஷம் இருந்தாள். என் பிள்ளைகளைக் கொஞ்சினாள், பாவாவோடு வாய் ஓயாமல் பேசினாள். என்னை ஒரு வார்த்தை வைதது கிடையாது, நீ என்று கூப்பிட்டதும் கிடையாது. நான் போனால் பாய் விரிப்பாள், மோர் கொடுப்பாள், கிளம்பும்போது வாசல் வரை வந்து வழியனுப்புவாள். கடைசியில் படுக்கையில் விழுந்தபோது பத்து நாள் நான்தான் கூட இருந்தேன். வாயில் பால் விட்டேன். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்து, "உங்களுக்கு எதுக்கு செரமம்" என்றாள்.